படியில் விழுந்தவர்கள்

எங்கள் ஏரியில் யாரும் விழுந்ததில்லை. விழுந்தவர்கள் எல்லாரும் படியில்தான் விழுந்தார்கள். ஏரிக்கரை ஓட்டலின் வரவேற்பறையிலிருந்து மாடிக்குப் போகிறதே, அந்தப் படியில். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அந்தப் படியில் கல்லூரி மாணவர்கள், புதுமணத் தம்பதிகள், ஒரு வங்கி மேலாளர், நீச்சலில் பரிசு வாங்கிய ஒரு பெண் என்று தகுதி பார்க்காமல் எல்லாருக்கும் சறுக்கியிருக்கிறது. மாடியில் அறையே எடுக்காதவர்களும் அதில் போய் விழுந்திருக்கிறார்கள்.

ஊர் வம்பாக இதைச் சொல்லவில்லை. நான் ஆம்புலன்ஸ் நர்ஸ். விழுந்தவர்களை ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். படகுத்துறைக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் வண்டி நிற்கும். அதில் நானும் ஓட்டுநரும் ஒரு டீக் கெட்டிலும் இருப்போம். ஓட்டல், படகுத்துறை, துறையில் கட்டிக் கிடக்கும் ஆறு வாட்டர் ஸ்கூட்டர்கள் எல்லாமே என் அக்கா வீட்டுக்காரருடையவை. எனக்கு அத்தான். ஊருக்குக் கமாண்டர்.

கமாண்டர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. நங்கூரம் பதித்த வெள்ளைத் தொப்பியும் ஒரு வெள்ளை யூனிஃபார்மும் எங்கேயோ வாங்கிப் போட்டுக்கொண்டார், பேர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கு நீந்தத் தெரியாது. மிதவைச் சட்டை போட்டால் யூனிஃபார்மின் பித்தளைப் பொத்தான்கள் மறைந்துவிடும் என்பதால் அதையும் போடமாட்டார். "தண்ணி எனக்குக் கட்டுப்பட்டது, நர்ஸம்மா" என்று என்னிடம் சொல்வார். அது தண்ணிக்குத் தெரியுமா என்று நான் கேட்டால் அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுவாள்.

வாட்டர் ஸ்கூட்டர் பார்க்கத்தான் ஸ்கூட்டர். அதற்கு பிரேக் கிடையாது. பின்னால் பீய்ச்சுகிற தண்ணீரால்தான் அது ஓடுகிறது, அதே தண்ணீரால்தான் திரும்புகிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்தால் பீய்ச்சல் நின்றுபோகும். அதற்கப்புறம் கைப்பிடியை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி பார்த்த திசையிலேயே போய் இடிக்கும். வண்டி செய்த கம்பெனிக்காரன் இதைப் படமாகவே போட்டுக் கைப்பிடிக்குக் கீழே ஒட்டித்தான் அனுப்பியிருந்தான். கமாண்டர் அந்தப் படத்தின் மேல் ஓட்டலின் போன் நம்பரை ஒட்டிவிட்டார். வருகிறவர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சி ஒரே வரி: "பயமா இருந்தா கையை எடுத்துடுங்க, அவ்வளவுதான்." பயந்தவர்கள் எடுத்தார்கள். எடுத்தவர்கள் நேரே போய் இடித்தார்கள்.

மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு சிவப்புச் சுருள் கயிறும் உண்டு. ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், எஞ்சின் நின்றுவிடும். ஆனால் நின்ற எஞ்சினை மறுபடி கிளப்ப வேண்டும், அதற்குள் வரிசையில் நிற்கிறவர் முகம் சுளிப்பார். ஆகவே ஆறு வண்டியிலும் கயிற்றைக் கைப்பிடியிலேயே சுற்றி நிரந்தரமாகக் கட்டிவைத்திருந்தார்கள். ஆள் தண்ணீருக்குள் போன பிறகும் வண்டி தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும். பிடித்து ஓட்ட ஆளில்லாமலே ஓடுகிற காரியங்கள் ஊரில் ஏற்கெனவே நிறைய இருப்பதால் யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை.

படகுத்துறை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை வைத்திருந்தார். 'விபத்தே இல்லாத ஏரி.' ஏரியில் அடிபட்டவர் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேர் ஏறினாலும் விசாரணை வரும், ஸ்கூட்டர் லைசென்ஸ் தொங்கும், பலகையும் இறங்கும். அது இறங்காமல் பார்த்துக்கொள்ள அத்தான் ஒரு படையே வைத்திருந்தார். அந்தப் படைக்குத் தலைவர் டவல் மாஸ்டர்.

டவல் மாஸ்டர் முன்னே சலூன் வைத்திருந்தவர். ஏரியில் யாராவது அடிபட்டால் பக்கத்து ஸ்கூட்டர்காரன் ஆளை அள்ளிக்கொண்டு வருவான். துறையில் இறக்காமல் சமையலறைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோவார்கள். ஒருவர் துவட்டுவார், ஒருவர் உடை மாற்றுவார், மாஸ்டர் ஹேர் டிரையரால் தலையைக் காயவைத்து வகிடெடுத்துச் சீவிவிடுவார். எல்லா அளவிலும் காய்ந்த சட்டையும் பேன்ட்டும் அலமாரியில் தயாராக இருக்கும். பிறகு ஆளைப் படிக்குக் கீழே கிடத்திவிட்டு, அவருடைய செருப்பில் ஒன்றை மட்டும் மூன்றாவது படியில் வைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்புவார்கள். அந்த ஒற்றைச் செருப்பு மாஸ்டருடைய சொந்தக் கற்பனை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அடிபட்டவர்கள் இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள் என்று கேட்பீர்கள். "படின்னா வெறும் ஆஸ்பத்திரியோட போயிடும். ஏரின்னா போலீஸு, வாக்குமூலம், அலைச்சல்" என்று அத்தான் காதோடு சொல்வார். லீவு போட்டுவிட்டு உல்லாசமாக இருக்க வந்தவர்களுக்குப் படியே தேவலை என்று தோன்றும்.

கழுத்தில் அடிபட்டிருக்கக்கூடியவரை அசைக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் குடித்துத் தப்பியவர் எழுந்து நடந்தாலும், பேசிச் சிரித்தாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரல் காலை வாரிவிடலாம், ஆகவே பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களோ நன்றாக அசைக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, தலைசீவி வருவார்கள். ஆஸ்பத்திரியில் காலுக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அப்படிப் போன ஒரு மாணவன் மூச்சு முட்டித் திரும்பி வந்து, செத்துப் பிழைத்தான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "படியில விழுந்தா நெஞ்சுல எப்படிம்மா தண்ணி வரும்?" என்று கேட்டாள்.

நேரே அத்தானிடம் போனேன்.

"படியில விழுந்தவன் காதுல பாசி எப்படி வந்தது?"

"படிக்குப் பக்கத்துல மீன் தொட்டி இருக்குல்ல."

"தொட்டிக்குள்ள தலையை விட்டானா?"

"நர்ஸம்மா, உன் வேலை தூக்கிட்டுப் போறது. துப்புத் துலக்கறது இல்லை."

ஆஸ்பத்திரி டாக்டரிடமும் ஒவ்வொரு தடவையும் சொல்லிப் பார்த்தேன். சின்ன வயசுக்காரர், எப்போதும் தூக்கம் போதாத கண். "எனக்கும் மூக்கு இருக்கு சிஸ்டர், ஏரி வாடை தெரியாதா? ஒருதடவை தண்ணின்னு எழுதினேன். அந்த ஆளே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார். மேலிடத்துல என்னை வறுத்து எடுத்துட்டாங்க. சுயநினைவோட இருக்கற நோயாளி என்ன சொல்றாரோ அதுதான் கணக்கு" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனால் கடைசியில் சோற்றுக்குத்தான் கேடு. நான் ஒரு மீட்புப் படகு கேட்டு எங்கள் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ஆடம்பரமாக ஒன்றும் இல்லை, ஸ்ட்ரெச்சர் கிடத்த இடமும் ஆக்ஸிஜனும் உள்ள சாதாரணப் படகு. அங்கே கணக்கைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். வட்டாரத்திலேயே அதிகம் பேரை வீழ்த்திய இடம் எங்கள் ஓட்டல் படி என்று தெரியவந்திருக்கிறது. ஏரியில் விபத்தே நடக்காததால் படகு தேவையில்லை, படியின் நிலைமைதான் கவலைக்கிடமாக இருப்பதால் அதற்கு உடனே நிதி ஒதுக்கப்படுகிறது என்று பதில் வந்தது.

கூடவே ஒரு இன்ஜினியரும் வந்தார். டேப்பும் ரசமட்டமும் வைத்து ஒவ்வொரு படியாக அளந்தார். ஷூவோடு ஏறினார், சாக்ஸோடு இறங்கினார், காலை நனைத்துக்கொண்டு ஓடியும் பார்த்தார். பாவம், எப்படியாவது விழுந்துவிட வேண்டும் என்று மனுஷன் காலை முழுக்கப் பாடுபட்டார். கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்தப் படியில விழணும்னா அதுக்குன்னு தனித் திறமை வேணும்மா" என்றார்.

இருந்தாலும் வந்த நிதியைத் திருப்பி அனுப்பி யாருக்கும் பழக்கமில்லை. படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வந்தது, விளிம்பெல்லாம் மஞ்சள் பட்டை வந்தது, விளக்கு வந்தது. மாடியிலிருந்து நோயாளியை உட்காரவைத்து இறக்க, படியில் வழுக்கிக்கொண்டே இறங்குகிற ஒரு சக்கர நாற்காலியும் வந்தது. என் படகுதான் நாற்காலியாக வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தபோது கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில்தான். ஓட்டுநர் டீ ஊற்றிக் கொடுத்தார்.

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. ஓசியில் கைப்பிடி வந்ததற்கு ஒரு திறப்பு விழா வைத்தார். படியின் அடியில் ரிப்பன், எதிரே நாற்காலிகள், சிறப்பு விருந்தினர் இன்ஜினியர். இன்ஜினியர் பேசி முடிக்கும்போது கமாண்டர் ஏரியின் அக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் சீறிக்கொண்டு வந்து, யூனிஃபார்மோடு உள்ளே நடந்து வந்து ரிப்பன் வெட்டுவார். இதுதான் ஏற்பாடு.

கிளம்பும்போது அக்கா துறைவரைக்கும் போனாள். என் அக்கா வரவேற்பு மேஜையைப் பார்த்துக்கொள்கிறவள். நாலு பேர் முன்னால் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவர் தண்ணீரில் இருக்கிறவரை அவளுக்கு மேஜையில் வேலை ஓடாது. கண்ணாடிக் கதவு வழியாக ஏரியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் கரையேறின பிறகுதான் ஆறிப்போன டீயைக் குடிப்பாள். அவள் உயிர் அந்தத் தொப்பிக்குக் கீழேதான் இருந்தது, அது அவருக்கும் தெரியும்.

"கயித்தையாவது கையில மாட்டிக்கங்க" என்றாள்.

"கமாண்டரைக் கயிறு போட்டுக் கட்டறதா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அக்கரையிலிருந்து அவர் திரும்புகிற நேரத்தில் கோரைப்புல் மறைவிலிருந்து இன்னொரு ஸ்கூட்டர் வந்திருக்கிறது. ஓட்டியவர் புதுமாப்பிள்ளை, அன்று காலையில்தான் கமாண்டரிடம் பயிற்சி பெற்றவர். வெள்ளை யூனிஃபார்மில் ஒருவர் எதிரே பாய்ந்து வருவதைப் பார்த்ததும் அவருக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் பாடம் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டார். கமாண்டருக்கு வாய்த்த மாணவர்களிலேயே அவர்தான் பாடத்தைக் கமாண்டரிடமே செய்து காட்டியவர். வண்டி நேரே வந்து கமாண்டர் வண்டியின் விலாவில் மோதியது. மிதவைச் சட்டை போட்டிருந்த மாப்பிள்ளை தக்கையாக மிதந்தார். கமாண்டர் போட்டிருந்த பித்தளைப் பொத்தான்கள் மிதக்கவில்லை.

உள்ளே எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இன்ஜினியர் மூன்றாவது படியில் நின்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். கோரைப்புல் மறைத்துக்கொண்டதால் அக்காவும் பார்க்கவில்லை.

கமாண்டரை ஸ்கூட்டர் பையன்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தபோது டவல் மாஸ்டர் கொஞ்சம் தடுமாறியிருக்க வேண்டும். அடிபட்டது முதலாளி. துறையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்திருந்தால் நான் ஓட்டலுக்குள்ளிருந்து ஓடி வந்திருப்பேன், ஆக்ஸிஜன் துறைக்கு எதிரே வண்டியிலேயே இருந்தது. ஆனால் மாஸ்டருக்கு யோசிக்கிற இடத்தில் பழக்கம் உட்கார்ந்திருந்தது. பின்வாசல், டவல், டிரையர், சீப்பு எல்லாம் ஒழுங்காக நடந்தது. முதலாளி என்பதால் கொஞ்சம் அத்தர்கூடப் போட்டார்கள்.

அதற்கப்புறம்தான் ஒரு சிக்கல். வழக்கமாகக் கிடத்துகிற இடத்தில் ரிப்பன் கட்டியிருக்கிறது, எதிரே ஊரே உட்கார்ந்திருக்கிறது, படியில் இன்ஜினியர் நிற்கிறார். கீழே இடமில்லை. ஆகவே பின்பக்கத்து இரும்பு ஏணி வழியாக அவரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், படி முடிகிற இடத்தில் கிடத்திவிட்டார்கள். மறக்காமல் ஒரு ஷூவை மேலேயிருந்து மூன்றாவது படியில் வைத்தார்கள்.

"ஐயா படியில விழுந்துட்டாரு" என்று மேலேயிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். இன்ஜினியர் மைக்கை இறக்காமலே, "நான்தானே படியில நிக்கறேன், யாரும் விழலையே" என்றார். பிறகு ஷூவைப் பார்த்தார். உலகத்திலேயே மேல்நோக்கி விழுந்த முதல் மனிதரை அவருடைய படி உண்டாக்கியிருப்பதை நினைத்து அவர் முகம் கறுத்துப்போனது.

நான் ரிப்பனை அறுத்துக்கொண்டு ஓடினேன். திறப்பு விழா அப்படித்தான் நடந்தது.

அத்தானுக்குத் தலை காய்ந்து பஞ்சாக இருந்தது. வகிடு மட்டும் வலது பக்கம். அவர் எடுப்பது இடது. உதடு நீலம், வாயோரம் இளஞ்சிவப்பு நுரை. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நெஞ்சுக்குள் இரண்டு பக்கமும் களகளவென்று சத்தம். எனக்குக் காது வேண்டியதில்லை, மூக்கே போதும். அத்தரை மீறிக்கொண்டு ஏரி வாடை அடித்தது.

"தண்ணி எவ்வளவு குடிச்சீங்க அத்தான்?"

"படி" என்றார். அவ்வளவுதான் அவருக்கு மூச்சிருந்தது.

அக்கா வந்து மண்டியிட்டு அவர் காதைத் தொட்டுப் பார்த்தாள். விரலை முகர்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், சொல்லாதே என்று.

கழுத்துக்குப் பட்டை கட்டி, புது நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினோம். அதுவும் நல்லதாகப் போயிற்று, படுத்தால் அவரால் மூச்சு விட முடியாது. இன்ஜினியரே ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, "நாற்காலி நல்லா வேலை செய்யுதும்மா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். என் படகு வேலை செய்வதை நானும் பார்த்தேன்.

வண்டியில் மாஸ்க் வைத்துச் சாய்த்து உட்காரவைத்தேன். ஓட்டுநர் பள்ளம் மேடு பார்க்கவில்லை. அக்கா அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில உள்ளதைச் சொல்லிடுங்க. லைசென்ஸ் போனா போகட்டும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். தலைக்கு மேலே நிஜமாகவே வெள்ளம் போன மனுஷர், மாஸ்க்குக்குள்ளிருந்து மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்.

"ஏரியில் விழுந்தவர், நெஞ்சு முழுக்கத் தண்ணி" என்றேன்.

"நான் இவர் சம்சாரம். இவர் ஏரியிலதான் விழுந்தார்" என்றாள் அக்கா. நாலு பேர் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கலை."

டாக்டர் அத்தானின் பக்கம் குனிந்தார். "சார், எங்க விழுந்தீங்க?"

"படி."

டாக்டர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். ஓட்டல் வேனில் பின்னாலேயே வந்த டவல் மாஸ்டர், ஸ்கூட்டர் பையன்கள், இன்ஜினியர் எல்லாரும் கதவருகில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் ஸ்ட்ரெச்சர் விரிப்பில் அத்தானின் இடுப்புக்குக் கீழே ஒரு ஈரம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதாகிக்கொண்டு வந்தது.

டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கதவுவரைக்கும் கேட்கிற குரலில், "சிறுநீர் கட்டுப்பாடில்லாம போயிருக்கு. படியில விழுந்ததுல தண்டுவடம் அடிபட்டிருக்கணும். மல்லாக்கப் படுக்கவெச்சுக் கட்டுங்க, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்" என்றார். "போற வழிக்கு ஒரு டயப்பர் மாட்டிவிடுங்க."

"படுக்கவெச்சா பாதி வழிகூடத் தாங்கமாட்டார் டாக்டர்" என்றேன்.

"படியில விழுந்தவருக்கு அதுதான் முறை, சிஸ்டர்."

அக்கா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்துடுவார்னு இவ சொல்றாளே" என்றாள். டாக்டர் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயா டயப்பர் பாக்கெட்டைப் பிரித்தாள். அந்தப் பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கதவருகில் ஸ்கூட்டர் பையன்களில் ஒருவன் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

அத்தானின் கண் அந்தப் பையனைப் பார்த்தது, டயப்பரைப் பார்த்தது. கை மாஸ்க்கைப் பிடித்து இழுத்தது.

"அது... மூத்திரம் இல்லை."

"வேற என்ன?"

"ஏரித் தண்ணி."

"படியில ஏரித் தண்ணி எப்படி சார் வந்தது?"

"ஏரியில... விழுந்தேன்." மூச்சுக்கு நடுவே டவல் மாஸ்டரை விரலால் காட்டினார். "இந்தப் பசங்க... ஜட்டியை... மாத்தலை."

உண்மைதான். வாடிக்கையாளர்களுக்கு ஒன்று விடாமல் மாற்றுகிற கை, முதலாளி விஷயத்தில் கூசிப்போய்விட்டது. நனைந்த ஜட்டியின் மேலேயே காய்ந்த பேன்ட்டை ஏற்றிவிட்டிருந்தார்கள். "மரியாதைக்கு விட்டுட்டோம்" என்று டவல் மாஸ்டர் கதவருகிலிருந்து தலைகுனிந்து சொன்னார். அந்த ஏரிக்கரையில் மரியாதையால் உயிர் பிழைத்த ஒரே ஆள் எங்கள் அத்தான்தான்.

அதற்கப்புறம் டாக்டருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சுறுசுறுப்பு வந்ததோ. படுக்கையின் தலைப்பக்கம் மேலே போனது, அழுத்தத்தோடு காற்று செலுத்துகிற மாஸ்க் வந்தது, தீவிர சிகிச்சை அறையில் இடம் தயாரானது. அவர் நிஜமாகவே சிறுநீர் என்று நினைத்தாரா, இல்லை வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அறையைவிட்டு வெளியே வரும்போது அவர் உதட்டோரம் லேசாக அசைந்ததை மட்டும் பார்த்தேன்.

கொஞ்ச காலம் இழுபறியாகத்தான் இருந்தது. நான் வேலை முடிந்து போகும்போதெல்லாம் அக்கா அந்த அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள், கையில் ஆறிப்போன டீ. ஒருநாள் மாஸ்க்கை எடுத்தார்கள். நானும் கூட இருந்தேன். அத்தான் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "பலகை இருக்கா, எடுத்துட்டாங்களா?"

அக்கா ஃபிளாஸ்க்கை மூடி வைத்தாள்.

"ஏரின்னு நான் சொன்னேன், நீங்க படின்னீங்க. என்னைத் தனியா விட்டுட்டுப் போறதுக்கு உங்களுக்குச் சம்மதம். ஜட்டி ஈரத்தை மூத்திரம்னு சொன்னதுக்குத்தான் சம்மதம் இல்லை."

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. அவள் சிரிக்கவில்லை, முதுகைத் தடவியும் விடவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். என்ன இருந்தாலும் அத்தான்தானே, எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற எனக்கு மனசில்லை.

விசாரணை வந்தது, லைசென்ஸ் சில மாதம் தொங்கியது, பலகை இறங்கியது. நானும் விடாமல் மறுபடி படகு கேட்டு எழுதினேன். ஏரியில் இதுவரை ஒரே ஒரு விபத்துதான் பதிவாகியிருக்கிறது, இன்ஜினியர் கொடுத்த அறிக்கைப்படி படியிலோ கைப்பிடி போட்ட பிறகும் ஒருவர் மேல்நோக்கி விழுந்திருக்கிறார், ஆகவே இரண்டாவது நாற்காலி அனுப்பப்படுகிறது என்று பதில் வந்தது. நாற்காலி வந்துவிட்டது. டவல் மாஸ்டர் அதில் டவல் காயப்போடுகிறார்.

ஸ்கூட்டர்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது துறையில் அக்கா நின்றாள். மேஜைக்கு வேறு ஆள் போட்டுவிட்டாள். வருகிறவர் மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றைத் தானே மாட்டி, ஒருதரம் இழுத்துப் பார்த்து, "பயமா இருந்தா கையை எடுக்காதீங்க. கொஞ்சம் முடுக்கினாத்தான் திரும்பும்" என்று சொல்லித்தான் அனுப்புவாள். ஒருநாள் தொப்பி போட்டவரும் வரிசையில் வந்து, மிதவைச் சட்டையோடு கையை நீட்டினார். அவருக்கு மட்டும் இரண்டுதரம் இழுத்துப் பார்த்தாள்.

போன வாரம் ஒருவர் திருப்பத்தில் தெறித்து விழுந்தார். எஞ்சின் உடனே நின்றுவிட்டது, ஆனால் தோளில் நல்ல அடி, தண்ணீரும் குடித்திருந்தார். துறைக்குக் கொண்டு வந்தார்கள். நான் ஸ்ட்ரெச்சரோடு ஓடும்போது டவல் மாஸ்டர் எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார், தோளில் டவல், கையில் சீப்பு. பழக்கம் லேசில் போகுமா? அடிபட்டவரோ தானாகவே என்னிடம், "மேடம், படியில விழுந்துட்டேன்னு போட்டுக்கங்க, எதுக்கு வம்பு" என்று முனகினார். அந்தப் புகழ் எத்தனை ஊருக்குப் பரவியிருக்கிறதோ தெரியவில்லை.

அக்கா மாஸ்டரின் கையிலிருந்து சீப்பை வாங்கி ஏரியில் எறிந்தாள்.

"துவட்டாதீங்க," என்றாள். "ஈரத்தோட ஏத்துங்க."